காணி முன்னே, பகல் பின்னே

ஃபஹாஹீல், குவைத்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சிவரூபிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது,

வெயிலைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும் ஒஸ்லோக் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்துக்கொண்டுதான் திரிவாய் என்று நம்புகிறேன். அங்கேயே ஆராய்ச்சி வேலை தருகிறார்கள், ஏற்பதா, ஊருக்கு வருவதா என்று கேட்டாய். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ ரூன் எழுத்துகளைப் பற்றிப் பேசிய வீடியோவை றூமில் எல்லாருமாகப் பார்த்தோம். மண்டபம் நிறைய நோர்வேக்காரர். அவர்களுடைய பழைய எழுத்தை அவர்களுடைய பாஷையிலேயே என் பிள்ளை விளக்குகிறாள்! கீழே ஓடிய ஆங்கிலத்தை வாசித்து நான்தான் எல்லாருக்கும் அர்த்தம் சொன்னேன். எனக்கே பாதி விளங்கவில்லை, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. கல்லில் வெட்டிய ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயர் உண்டு, அந்த வரிசையே ஆன்மா நடந்து போகும் வழி என்று ஞானம் தேடுகிறவர்கள் படிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. முதல் எழுத்து மாடு என்றதும், "செல்வமெண்டா மாடுதான் எண்டு எங்கட ஆக்கள் எப்பவோ சொல்லிப்போட்டினம்" என்று அளந்தேன். பக்கத்துக் கட்டில் அஸ்கர் அலி விடுவாரா? "எங்க ஓதுற பள்ளியிலயும் அலிஃப் எழுத்து ஏன் முதல்ல நிக்கிதுன்னு சொல்லித் தருவாங்க பாய்" என்றார்.

பிறகு ஆலங்கட்டி மழை, இல்லாமை, பனிக்கட்டி. மூன்றும் அடுத்தடுத்து வந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிய நாட்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

கடைசி இரண்டு எழுத்தில்தான் பிணக்கு என்றாய். ஒன்று பகல், மற்றது பரம்பரைக் காணி. பழைய கல்வெட்டு வரிசைகளில் இரண்டு விதமாகவும் இருக்கிறதாம். உங்கள் ரூன் வட்டத்துப் பெரியவர், காணிதான் கடைசி, ஆன்மா வீடு திரும்ப வேண்டும் என்றார். நீ பயப்படாமல், காணி காலுக்குக் கீழே இருப்பது, அதில் ஊன்றி நின்று பகலுக்குள் போவதுதான் முடிவு என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் பிள்ளை இனி வரமாட்டாள் என்றுதான் கேட்டது.

கோபம் வந்தது, ஒளிப்பானேன்? சாவகச்சேரி வளவு, எங்கள் வீட்டுக் காணி, உன் சீதனத்துக்கென்று வைத்திருப்பது. நீ ஊரில் கலியாணம் செய்து அதில் குடியிருப்பாய் என்றிருந்தோம். அம்மாவுக்குப் போன் எடுத்துப் புறுபுறுத்தேன். "நீங்களும் வீடுதான் கடைசி எண்டு சொல்லித்தானே குவைத்துக்குப் போனனீங்கள். இன்னும் வந்து சேரேல்லையே" என்றாள் உன் அம்மா. அன்றிரவே இருவரும் பேசி முடிவெடுத்தோம்.

உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் சொல்லிவிட்டோம். வளவு இப்போதே உன் பெயருக்கு வருகிறது. சீதன உறுதி இல்லை, நன்கொடை உறுதி. மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், வந்து குடியிருக்கவும் வேண்டாம். அந்த வேலையை ஏற்றுக்கொள், பிள்ளை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மண்டபத்து அறிவித்தலில் சிவரூபி வல்லிபுரம் என்று போட்டிருந்தது. ஊரில் அப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும். அதை மாற்றச் சொல்லாதே. நீ முன்னுக்குப் போ, நான் உனக்குப் பின்னால் நிற்கிறேன்.

என்றும் உன் நலமே வேண்டும்
அப்பா
வல்லிபுரம்