பிடி போன கப்பு

ஜூன் 9, திங்கள்

காலையில் பத்து மணிக்குக் கரண்டு போனது, பன்னிரண்டுக்கு வந்தது. அது வரைக்கும் தென்றல் சும்மா உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் என் பேத்திக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது.

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து எட்டு மாசம். வீடியோ கேம் செய்கிறாள். எதிர்வீட்டு நீலாவதி, எந்நேரமும் விளையாடுறாளாமே என்று கேட்டாள். விளையாடல, செய்யறா என்றேன். கப்பில் டீ குடிக்கிறவளும் கப்பு செய்கிறவளும் ஒன்றா? பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கப்புக்குப் பிடி ஒட்டினவள் நான். எனக்குத் தெரியாதா?

ஜூன் 11, புதன்

மவுசு பிடிக்கப் பழகிவிட்டேன். வேறு யாரோ செய்த கேம் ஒன்றைத் தென்றல் போட்டுக் காட்டினாள். ஒரு பூனை தபால்காரர் வேலை பார்க்கிறது. மீன் வாசம் இல்லாத கடிதாசியைக் கொடுக்க மாட்டேன் என்கிறது. அதனால் கோர்ட்டு நோட்டீசைக்கூட நாம்தான் கருவாட்டில் சுற்றிக் கொடுக்க வேண்டும். சிரித்துவிட்டேன். யாரையும் சுடுவது கிடையாது. வழியை யோசிக்கணும், அவ்வளவுதான்.

முடிவில் செய்தவர்களின் பேர்கள் மேலே ஓடின. நிறுத்தச் சொன்னேன். இங்கிலீஷ் என்பதால் அவளே படித்தாள். ரெண்டே பேர். ஆறு வருஷம் உட்கார்ந்து செய்தார்களாம். சிரிக்க வைக்க ஆறு வருஷம். அந்த ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.

ஜூன் 13, வெள்ளி

என் மகன் பிரபாகரன் சாப்பிடும்போது மகளிடம் சொல்லிவிட்டான். பெங்களூரில் கேம் செய்கிறவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்களாம். இவள் கேமை அவர்கள் எடுத்துக்கொண்டால் சரி. ஆவணி பிறந்தும் பதில் வராவிட்டால் மறுபடி சென்னை வேலைதான். அவள் ரசத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

மங்கலம்பேட்டை அன்பரசிதான் கேமுக்குச் சத்தம் சேர்க்கிறவள். இதுவரைக்கும் அவளே ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லையாம். சிரிப்புக் கேமுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்கும் புரிகிறது.

ஜூன் 14, சனி

இன்றைக்குத் தென்றல் செய்த கேமையே என்னிடம் கொடுத்தாள். பிடி போன கப்பு ஒன்று. கம்பெனி வாட்ச்மேன் அதில் மூக்குப்பொடி போட்டு வைத்திருக்கிறான். தும்மித் தும்மி அலுத்துப்போய், தன் பிடியைத் தேடிக் கிளம்புகிறது. முதல் வேலை, வாட்ச்மேன் அறையை விட்டுக் கப்பு வெளியே வரணும்.

'எங்கே கெளம்பிட்ட?' என்று அந்த அறைக் கதவு கேட்கிறது. கப்பு பதில் சொல்ல மூன்று வரி. 'இங்கேயே இருக்கேன்.' 'எதுக்குக் கேக்குற?' 'போறேன்.' முதல் ரெண்டையும் அமுக்கினேன். கதவு கிண்டல் பண்ணுகிறது, திறக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கப்பு உள்ளேயேதான் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

தென்றல் பின்னால் வந்து நின்று பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "ஆயா, மூணாவது வரி படிக்க வரலையா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் படிச்சது அஞ்சாவதுதான். அதுக்காக? பேப்பர் முழுக்கப் படிக்கிறேன், இந்த நோட்டு எழுதுகிறேன்—

"படிக்கத் தெரிஞ்சதாலதான்டி அமுக்கல. வூட்டை வுட்டுக் கெளம்புறப்போ எவளாவது போறேன்னு சொல்லுவாளா? போயிட்டு வரேன்னு ஒரு வரி வைக்கத் தோணல உனக்கு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாள். இந்த வூட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு. சோறு போட்டு வைத்தது ஆறிப்போனது, கம்ப்யூட்டரை விட்டு அவள் எழுந்து வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாற்றிவிட்டாள். இப்போது போறேன் என்று அமுக்கினால் கதவு திட்டுகிறது. வா, உக்காரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுக் கெளம்பு என்கிறது. தண்ணீர் கப்பிலேயே நிரம்புகிறது. பிடி இல்லாததால் தன்னைத் தானே தூக்கிக் குடிக்க முடியவில்லை. குடிக்காமல் கதவு விடாது. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு வாசலிலும் இதே கூத்து. கதவு பேசுகிற பேச்சு பாதி என்னுடையது. கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள், கள்ளி.

அன்பரசி வந்து விளையாடினாள். டீ மூக்கில் ஏறிவிட்டது.

ஜூலை 3, வியாழன்

பெங்களூருக்கு அனுப்பியாச்சு. போறேன், போயிட்டு வரேன், ரெண்டையும் மத்த பாஷைக்காரங்க ஒன்றாகவே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று தென்றலுக்குக் கவலை. எனக்கும்தான். அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பதில் இல்லை. பிரபாகரனும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்து ரெண்டு நாள். சென்னை வேலைக்கு எழுத வேண்டியதைத் தென்றல் எழுதி வைத்துவிட்டாள். பதினொரு மணிக்கு போன் வந்தது. பெங்களூர். கேமைத் தேர்ந்தெடுத்த அம்மா கன்னடக்காரராம். தன் பாட்டியிடமும் அந்தக் கதவு இருக்கிறது என்றாராம். ஆறு மாசம் அங்கே அவர்களோடு இருந்து கேமை முடிக்கணும்.

பிரபாகரன் மகளிடம் கேட்டது ஒன்றுதான். அங்கே சாப்பாடு எப்படி?

முடிவில் ஓடுகிற பேர்களில் என்னைச் சேர்க்க வேணாம் என்றேன். எந்த இடத்தில் போடுவாய் என்றும் கேட்டு வைத்தேன். காட்டினாள். 'கதவு: கண்ணம்மாள்.' அஞ்சாவது என்பதையும் பக்கத்தில் போடச் சொன்னேன். தெரியட்டும்.

செப்டம்பர் 10, புதன்

காலையில் ஆட்டோ வந்துவிட்டது. ஜங்ஷனுக்கு நேரமாச்சு. தோளில் ஒரு பை, கையில் கம்ப்யூட்டர் பை. அவசரத்தில், "ஆயா, நான் போறேன்," என்றாள்.

நான் வாசல் கேட்டின் கொக்கியில் கை வைத்தபடி நின்றேன். எடுக்கவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

பையை இறக்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். முழுசும் குடித்தாள்.

"போயிட்டு வரேன் ஆயா."

கொக்கியை எடுத்தேன்.