நூற்று அறுபத்து நான்காவது மீசை

அன்பு மகள் சங்கீதாவுக்கு, கத்தார் ராஸ் லஃபான் கேம்ப்பிலிருந்து அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான் மேலுதடு ஒன்றைத் தவிர முழு நலம். அங்கே நீயும் அம்மாவும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நலமாக இருக்கக் குலதெய்வத்தை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வக்கீல் ஆன நாளிலிருந்து நீ கேட்காத கேள்வி இல்லை, கொஞ்சம் பொறு, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று, கேம்ப்பில் உன் பேருக்கு ஒரு குறையும் இல்லை. நீ பார்ப்பது மாஸ் டார்ட் கேஸ், அதாவது ஒரே சரக்கால் கெட்டுப்போன நிறையப் பேருக்காகச் சேர்ந்து ஒரு கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுப்பது என்று எனக்கு இரண்டு தடவை விளக்கினாய். ரூமில் சொல்லப் போனபோது முதல் வார்த்தைதான் ஞாபகம் வந்தது, என் மகள் மாஸ் வக்கீல் என்று சொல்லிவிட்டேன், எல்லோரும் விசில் அடித்தார்கள். அடுத்த வார்த்தை என்ன என்று மெஸ்ஸில் சமைக்கும் கீழக்கரை செய்கு முகம்மது கேட்டான், டார்ச்சர் என்று நினைக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைக்கிறான், மரியாதையா பயமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் அம்மா போனில் அழுதாள். மீசைச் சாயக் கேஸில் கீழ்க்கோர்ட்டில் தோற்ற பிறகு மதுரையில் போட்ட அப்பீலையும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் ஏதோ பேங்கில் பத்திரம் சரிபார்க்கும் வேலைக்குப் போகப்போகிறாயாம். அவள் ஏன் என்று கேட்டதற்கு, “அப்பீல்ல காட்ட நம்மகிட்ட புதுசா ஒண்ணுமே இல்லம்மா” என்றாயாம். நூற்று அறுபத்து மூன்று பேர் மீசை பச்சையாகிப் போய் உன்னை நம்பி நிற்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஆத்தா, ஏனென்றால் புதிதாக ஒன்று இருக்கிறது, அது என் மூக்குக்குக் கீழேயே இருக்கிறது.

இரண்டு மாதமாக நான் வீடியோ கால் போடாமல் கேமரா ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் அல்லவா, கேமராவுக்கு ஒன்றும் இல்லை, அது நன்றாகத் தெரிவதுதான் பிரச்சினை. தீர்ப்பு வந்த கையோடு என் ரூம் பாண்டித்துரை லீவு முடிந்து வந்தான். பெட்டியைத் திறந்தால் நீ கேஸ் போட்ட அந்தக் கார்வண்ணன் சாயம் ஒரு டஜன் பாட்டில், கேஸில் ஜெயித்த தெம்பில் கம்பெனிக்காரன் ‘கோர்ட்டே குறை சொல்லாத சாயம்’ என்று அட்டையில் அச்சடித்து ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று விற்றானாம். எனக்குக் கேட் பாஸ் புதுப்பிக்கப் போட்டோ எடுக்கவேண்டியிருந்தது, மீசை பாதி நரைத்துக் கிடந்தது. சாயத்தில் தப்பில்லை, நம் ஊர்ப் பக்கத்து உப்புத் தண்ணீர் பட்டுத்தான் நிறம் மாறியது என்றுதானே கம்பெனி சொன்னது, கோர்ட்டும் அதைத்தானே எழுதியது. இங்கே நாங்கள் குளிப்பது கடல் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டு வரும் தண்ணீர், அந்த பிளாண்ட்டில் பைப் மாட்டியவனே நான். அப்படியானால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். பாண்டித்துரையும், “கோர்ட்டே சொல்லிருச்சுண்ணே, இனிமே அப்பீலே இல்ல” என்றான். நானும் அவனும் ரூமில் மற்ற ஐந்து பேரும் பூசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் டூட்டிக்குக் கிளம்பினால் ஏழு மீசையும் கொத்தமல்லிக் கட்டு மாதிரி நிற்கிறது. கேட்டில் செக்யூரிட்டி பாஸைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், “பாய், யே கௌன் ஹை”, இது யார் என்கிறான். வழித்துவிடவேண்டியதுதானே என்பாய். பாண்டித்துரை வழித்தான், பார்த்தால் தோலும் பச்சை, மீசையே தேவலாம் என்று மறுபடி வளர்க்கிறான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சொல்வது பொய் என்று மூன்று வருஷமாக நீ தொண்டை வறளச் சொன்னாய். பெற்ற அப்பன் உன்னை நம்பாமல் தீர்ப்பை நம்பி எடுத்துப் பூசிக்கொண்டேன். அந்த வெட்கத்தில்தான் முகத்தைக் காட்டவில்லை, நிறத்துக்காக இல்லை. சரி, நிறத்துக்காகவும்தான்.

அப்பீலில் சும்மா புதுச் சாட்சி சேர்க்கமாட்டார்கள், எவ்வளவு தேடியிருந்தாலும் முன்பு கிடைத்திருக்காது என்று காட்டினால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு தடவை போனில் சொன்னாய். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாய், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தீர்ப்பை நம்பிப் பூசிய மீசை தீர்ப்புக்கு முன்னால் எப்படிக் கிடைக்கும்? இதை நீ கோர்ட் பாஷையில் மாற்றிக்கொள். அப்பன் சாட்சி செல்லாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் குதித்தால் என்னைக் கழற்றிவிட்டு மற்ற ஆறு மீசையை வைத்துக்கொள், அவர்கள் யாரும் நமக்குச் சொந்தம் இல்லை.

செய்கு முகம்மது வெள்ளிக்கிழமை லீவில் வருகிறான். அவனிடம் இந்தக் கடிதம், சீல் உடைக்காத சாய பாட்டில் ஒன்று, கேம்ப் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட்டின் நகல், ஏழு பேர் போட்டோ எல்லாம் கொடுத்தனுப்புகிறேன். போட்டோ எடுத்ததும் அவன்தான், அவனுக்குத் தாடி மட்டும், மீசை கிடையாது, ஆகவே நடுநிலையான ஆள். வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடு, டார்ச்சர் எதுவும் செய்யமாட்டாய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். போட்டோவை அம்மாவிடம் காட்டாதே, சிரிக்க ஆரம்பித்தால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கோர்ட் கேன்டீன் போண்டாவையே சாப்பாடு என்று நினைக்காதே. பேங்க் வேலை கெட்ட வேலை இல்லை, அப்பீலில் தோற்றுவிட்டுப் போனால் நானே வந்து பஸ் ஏற்றிவிடுகிறேன், ஆனால் கோர்ட்டில் கேட்டுப் பார்க்காமலே போய்விடாதே. கேஸ் முடிகிறவரை இந்த மீசையை ஒரு முடி வெட்டமாட்டேன். டிசம்பரில் எனக்கு லீவு, அப்பீல் அதற்குள் முடியுமா என்று மட்டும் ஒரு வரி எழுது, வருஷக்கணக்கு என்றால் சொல்லாதே.

ஆத்தா, நீ நல்லா இருக்கவேண்டும், உன்னை நம்பியவர்கள் முகம் மலரவேண்டும். இனி எந்தக் கோர்ட் என்ன எழுதினாலும் சரி, என் மகள் சொன்னால் எனக்கு அப்பீலே இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா நாகலிங்கம்,
உன் கட்சியில் நூற்று அறுபத்து நான்காவது ஆள்