வெள்ளச்சி என் நாய்தான்

ஆடி 14, செவ்வாய். திண்டிவனம்.

காலையில் என் மண்டிக்கு எதிர் பஜ்ஜிக் கடைக்காரன் வெள்ளச்சி முதுகில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றிவிட்டான். கால்நடை டாக்டரிடம் கட்டுப் போட்டு, சான்றிதழும் வாங்கிக்கினு ஸ்டேஷனுக்குப் போனேன். புகார் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமாம். நஷ்டஈடு கேட்க மட்டும் நாய்க்குச் சொந்தக்காரன் வேண்டும் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் போனில் சொல்லியிருந்தார்.

ரைட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா முதலாளி, போன வருஷம் இது கூரியர்காரரைக் கடிச்சப்ப, எனக்கும் இந்த நாய்க்கும் சம்பந்தமே இல்லன்னு இதே டேபிள்ல எழுதிக் குடுத்தீங்களே?"

எழுதித்தான் கொடுத்தேன். அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. ஆனால் வெள்ளச்சி ஆறு வருஷமாக என் மல்லாட்டை மண்டியில், கடலை மூட்டைகளுக்கு நடுவே என் காலடியில்தான் படுத்திருக்கிறது.

"இப்ப உங்க நாய்ன்னா அந்தக் கடியும் உங்க தலைலதான் வரும். பரவால்லயா?"

"வரட்டும் சார். பேப்பரைக் குடுங்க."

'என்னுடைய நாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியே வெள்ளச்சியை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன்.

"நம்ம நாயா இது?" என்றாள் என் மனைவி.

"ஆமா, எழுதியே குடுத்துட்டேன்."

அவள் ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டாள். இப்போது அதில் குறட்டை விட்டுக்கினு தூங்குகிறாள் வெள்ளச்சி.

நாளைக் காலையில் முதல் வேலையாகக் கூரியர்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும். இவளைக் கூட்டிக்கினு போகக் கூடாது.