இரண்டு பெயர், ஒரே இன்ஜின்

மயிலாப்பூர்
18 மே 2025

என் செல்லப் பெண் ஸஹானாவுக்கு,

அப்பாவின் அநேக ஆசீர்வாதம். வெயிலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம். போனில் நீ பேசுவது இந்தக் காதுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது. அதனால் மெயிலே மேல். காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஒற்றை விரலால் தமிழ் தட்டிக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே.

"நான் சொல்லும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். ஏன், எதற்கு என்று ஒன்றும் இல்லை. சொன்னபடி காரை ஷெட்டில் விட்டு உறை போட்டுவிட்டேன். நேற்று அடையாறில் டாக்டரைப் பார்க்க ஆட்டோவில்தான் போனேன். ஆட்டோக்காரர் கேட்ட தொகையைக் கேட்டிருந்தால் நீயே "காரை எடுங்கள்" என்றிருப்பாய்.

அந்தக் காரை வாங்கச் சொன்னதே நீதானே? தாரகை நம் ஊர்க் கம்பெனி. ஹோல்பர்க் நீ வேலை பார்க்கிற ஜெர்மன் கம்பெனி. இரண்டும் கூட்டுச் சேர்ந்து, ஒரே இன்ஜினை இரண்டு பேர் வண்டியிலும் வைக்கிறார்கள், அதை வரைந்தவர்களில் நானும் ஒருத்தி என்று சொன்னாய். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம், "மேலே தாரகை, உள்ளே என் பெண்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

கண் ஆபரேஷன் ஆனவன் சாலையில் எதிலாவது மோதிவிடுவான் என்று பயப்படுகிறாயா? அப்படியென்றால் அதையாவது சொல்.

உன் அப்பா
வெங்கடரமணன்

மைன்ஸ், ஜெர்மனி
21 மே 2025

அன்புள்ள அப்பா,

ஆட்டோவுக்கு ஆகிற பணத்தை நான் அனுப்புகிறேன், கோபப்படாதீர்கள். ஆமாம், கண்தான் காரணம். டாக்டர் சரி என்று சொன்னாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவும் இல்லாத வீட்டில் உங்களுக்கு ஒன்று என்றால் நான் எங்கே போவேன்? ஆகஸ்டில் வருகிறேன், வந்து பேசிக்கொள்ளலாம். அதுவரை ஷெட்டிலேயே இருக்கட்டும்.

ஆபீஸில் வேலை அதிகம். சரியாகத் தூங்குவதில்லை. அதைத் தவிர நன்றாக இருக்கிறேன்.

ஸஹானா

மயிலாப்பூர்
7 ஜூன் 2025

செல்லம்மா ஸஹானா,

ஒரு நல்ல சேதி. தணிகாசலம் நினைவிருக்கிறதா? எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஆக்டிங் டிரைவராக வந்தானே, அவன்தான். முன்பு அடையாறு ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள், இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறார்கள். அவன் மனைவி தேவானை தி.நகரில் ஒரு கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். நாளை அவர்கள் பெண் தமிழ்மொழிக்கு வடபழனி கோவிலில் கல்யாணம்.

போன வாரம் வந்து வாசலிலேயே நின்றான். "சாரு, காரு சும்மாதானே நிக்குது? ஒரு நாளு குட்தீன்னா பொண்ண ராணி மாதிரி இட்டுனு போயிடுவேன்" என்றான். உன் பயம் என் கண்ணைப் பற்றித்தானே? அவன் கண்ணுக்கு என்ன? சாவியைக் கொடுத்துவிட்டேன். இன்று மத்தியானம் வண்டியைக் கழுவி, ரோஜாவும் சாமந்தியும் கட்டி, புது வண்டி மாதிரி ஆக்கிவிட்டான். நானும் நாளை அதில்தான் போகிறேன். பெண்ணுக்குக் கொடுக்க உன் பெயரில் ஒரு பட்டுப்புடவை வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்பா

மைன்ஸ்
8 ஜூன் 2025, ஞாயிறு

அப்பா இப்போதுதான் பார்த்தேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. யாரும் அந்த வண்டியில் ஏறக் கூடாது. தணிகாசலம் ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்தி, எல்லாரும் இறங்கித் தள்ளிப் போகச் சொல்லுங்கள். கண் இல்லை அப்பா, வண்டிதான். காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் எல்லாரையும் இறக்குங்கள்.

ஸஹானா

மயிலாப்பூர்
10 ஜூன் 2025

ஸஹானா,

உன் மெயிலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பார்த்தேன். அப்போது எல்லாம் முடிந்திருந்தது.

முகூர்த்தம் நன்றாக நடந்தது. சாப்பாடு ஆயிற்று. பெண்ணும் மாப்பிள்ளையும் சாயங்கால வரவேற்பு மண்டபத்துக்கு வேனில் கிளம்பிப் போனார்கள். சீர்ப் பாத்திரங்களை நம் காரின் பின்சீட்டில் அடுக்கியதில் எனக்கு இடமில்லை. "சாரு, நீ நெழல்ல நில்லு. சாமானத்த மண்டபத்துல போட்டுட்டு வந்து உன்ன இட்டுனு போறேன்" என்றான் தணிகாசலம். தேவானை அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் டெப்போ பக்கம் சிக்னலில் வண்டி நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பானெட் ஓரத்தில் புகை மாதிரி ஏதோ வந்தது. பூவின் மேல் வெயில் பட்டு அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் முன்பக்கம் முழுவதும் நெருப்பு.

தேவானை குதித்துவிட்டாள். அவனுடைய பெல்ட் கழலவில்லை. அவள் சுற்றி ஓடிப்போய், கொதிக்கிற கதவைக் கையால் பிடித்து இழுத்துத் திறந்து, உள்ளே கையை விட்டு பெல்ட்டைக் கழற்றி அவனை வெளியே இழுத்துப் போட்டாள். நான் ஓடினேன். எழுபது வயசுக்காரன் எவ்வளவு ஓட முடியும்? நான் போய்ச் சேர்ந்தபோது அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தன் கையை யாரோ வேறொருவர் கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குக் காலில் சின்னக் காயம்தான். அவளுக்கு இரண்டு கையும் முழங்கை வரை. விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை.

காலையில் கல்யாணப் பெண்ணை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக அதே வண்டியில் நான் போனேன், ஸஹானா. உன் மெயிலை எத்தனை முறை படித்தாலும் ஒரே அர்த்தம்தான் வருகிறது. உனக்கு முன்பே தெரியும். அது உண்மையா?

வெங்கடரமணன்

மைன்ஸ்
11 ஜூன் 2025

அப்பா,

உண்மை.

இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயில் ஓர் இணைப்பு இருக்கிறது. சூட்டில் நாளாக ஆக அது விறைத்து, விரிசல் விடுகிறது. பெட்ரோல் கசிந்து கொதிக்கிற பாகத்தின் மேல் சொட்டுகிறது. ஜனவரியில் இங்கே இரண்டு ஹோல்பர்க் வண்டிகள் எரிந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதித்துக் கண்டுபிடித்தது எங்கள் குழு. அதன் பிறகு சர்வீஸுக்கு வருகிற வண்டிகளில் எல்லாம் சத்தமில்லாமல் அந்த இணைப்பை மாற்றிவிட்டார்கள்.

தாரகை வண்டியிலும் அதே குழாய்தான், அதே வரைபடம்தான். சென்னை வெயிலுக்கு அங்கே இன்னும் சீக்கிரம் விரிசல் விடும். தாரகையின் மேலிடத்துக்கும் தெரியும். ஆனால் தவறு வரைந்தவர்களுடையதா, குழாயைச் செய்தவர்களுடையதா, மாற்றுகிற செலவு யாருடையது என்று இரண்டு கம்பெனி வக்கீல்களும் சண்டை போடுகிறார்கள். அது முடியும்வரை யாரும் வெளியே பேசக் கூடாது என்று எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். சென்னைக்காரர்களை உடனே எச்சரிக்க வேண்டும் என்று என் மேலதிகாரியிடம் இரண்டு முறை கேட்டேன். பொறு என்றார். பொறுத்தேன்.

உங்களிடம் காரணம் சொன்னால் நீங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கண் என்று பொய் சொன்னேன். உங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

தேவானை அக்கா எப்படி இருக்கிறாள்? என்ன வைத்தியம் ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

ஸஹானா

மயிலாப்பூர்
22 ஜூன் 2025

ஸஹானா,

இத்தனை நாள் எழுத முடியவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று லஸ் முனையில் போய் நின்றேன். அங்கே எத்தனை பேர் நம் வண்டி போலவே வைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் கண்ணில் பட்டது. சிக்னலில் நின்ற ஒவ்வொன்றின் கண்ணாடியையும் தட்டி, "இதை ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கும்" என்றேன். ஒருவர் சில்லறை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு குழந்தையைப் பின்னால் உட்காரவைத்திருந்த பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பச்சை விழுந்ததும் போய்விட்டாள். அந்தக் குழந்தை திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

என்னைக் காப்பாற்றினாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று கேள். தாரகை கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து எரிந்த வண்டியைப் பார்த்தார். டிரைவர் கல்யாணத்துக்காக சீரியல் லைட் போட்டு, பேட்டரியில் ஒயரைச் செருகியதால்தான் தீப்பிடித்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தணிகாசலத்தின் மேல் வழக்கு. லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, "நாந்தான் எதுனா தப்பா செஞ்சிட்டனா சாரு?" என்று என்னையே கேட்கிறான். வண்டியைக் கழுவியதைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை.

தேவானை கட்டுப் போட்ட கைகளோடு என்னிடம் சொன்னாள்: "கை வெந்துச்சி, அது போவட்டும் சாரு. என் ஊட்டுக்காரன்தான் எரிச்சான்னு எழுதிக்கினு கீறாங்களாமே? லைட்டே போடல, பூதான் கட்னோம். நீயும்தானே பாத்த? இன்னா அநியாயம் சாரு இது?"

காரணம் எனக்குத் தெரியும், என் பெண்ணுக்கு அதற்கு முன்பே தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி என் பெயரில் இருப்பதால் முப்பதாம் தேதி திங்கட்கிழமை விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். நீ என்ன சொன்னாய், ஏன் சொன்னாய், எப்போது சொன்னாய், எல்லாவற்றையும். உன் வேலை போகும். வழக்குகூடப் போடுவார்கள். பெற்றவன் செய்கிற காரியமா என்று நாலு பேர் கேட்பார்கள். இதை வேறு யார் வாயிலிருந்தும் நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். தடுக்கப் பார்க்காதே.

வெங்கடரமணன்

மைன்ஸ்
24 ஜூன் 2025

அப்பா,

தடுக்கவில்லை. ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். நீங்கள் சொன்னால் நான் சொல்லிக் கேட்டதைத்தான் சொல்ல முடியும். எந்த இணைப்பு, எப்போது விரிசல் விட்டது, யார் யாருக்குத் தெரியும் என்பதை நான்தான் சொல்ல முடியும். நீங்கள் லஸ் முனையில் செய்ததை நான் ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டும்.

இன்று காலை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். மத்தியானத்துக்குள் என் ஆபீஸ் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இங்கே வண்டிகளுக்கு அனுமதி கொடுக்கிற அரசு அலுவலகத்துக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். நான் போட்ட கையெழுத்தைக் காட்டி வக்கீல் ஏதேதோ சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது. இதையே மூன்று முறை அடித்து அழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை வருகிறேன். மன்னிக்கும்படி கேட்க மாட்டேன். வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

ஸஹானா

மயிலாப்பூர்
29 ஜூன் 2025
(சாப்பாட்டு மேஜையில் வைத்தது)

ஸஹானா,

எதிர்வீட்டு நிஷாவிடம் சாவி வாங்கி உள்ளே வந்திருப்பாய். விமானம் வரும் நேரம் தெரிந்தும் நான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் அத்தனை பேர் நடுவில் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேனா, கையை ஓங்கியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இரண்டில் எதையும் இன்றைக்குச் செய்ய எனக்கு மனமில்லை.

மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு கறியும் அடுப்பின் மேல் இருக்கிறது. சாப்பிட்டுக் குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. தமிழ்மொழி புகுந்த வீட்டிலிருந்து தினமும் வந்து தேவானைக்கு ஊட்டிவிட்டுப் போகிறாள். நேற்று கட்டு மாற்றியபோது இடதுகைக் கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. வலதுகையைப் பற்றி டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளை விசாரணையில் நீ பேசு. நான் வெளியே பெஞ்சில் இருப்பேன், அதிகாரி என்னைக் கூப்பிடும்வரை உள்ளே வரமாட்டேன். அதற்குப் பிறகு நாம் இருவரும் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ வேறெங்கும் தங்க வேண்டாம். உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

தேவானையிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போய்விடலாம் என்று எழுந்தேன். அப்போது திரும்பாமலேயே சொன்னாள்: "வரட்டும் சாரு. வந்து என் கைய பாக்கட்டும்."

அப்பா