மூடுபனியில் மிதவையை ஒட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் எங்கள் சின்னப் படகு, கப்பல் பாதைக்கு வெளியேதான் ஓடும். நேற்று மூடுபனி. கரையோரப் பாறைக்குப் பயந்து, கப்பல் பாதையின் விளிம்பைக் காட்டும் மிதவைகளைப் பார்த்தே, பாதைக்குச் சற்று உட்புறமாக வந்தோம். திடீரென்று கப்பலின் சங்கொலி. சுக்கான் என் கையில்.

"மிதவைய விட்றாத. அத ஒட்டி வெளிப்பக்கமா ஒதுங்கு. அங்க நமக்கு ஆழம் போதும், கப்பல் வராது" என்றார் கூட வேலை செய்யும் அண்ணன். ஒதுங்கினேன். பக்கத்திலேயே கப்பல் கடந்துபோனது. அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

கரையேறியதும் அந்த அண்ணன் தன் வீட்டுக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நீங்கள் தூங்கியிருப்பீர்கள் என்று நான் கூப்பிடவில்லை. அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் போனில் பேசும்போது மிக்சியை நிறுத்தாதீர்கள், தங்கச்சியையும் அதட்டாதீர்கள். சத்தம் இருக்கட்டும், வீட்டில் இருப்பதுபோல் இருக்கும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் பெரியவன்