குழந்தைக்குத் தெரிந்த ஒரே சைகை

தைனான்
மார்ச் 9, திங்கள் காலை

அன்புத் தங்கை யாலிங்குக்கு அக்கா யாஜென் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை சிஹாவும் ஜெர்மனிக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் மகள் யீயான் நலம். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. மீன் கஞ்சியைத் தட்டாமல் சாப்பிடுகிறாள். மேல்வரிசையில் இரண்டாவது பல்லும் எட்டிப் பார்க்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று நீ கைபேசியில் கடைசியாகப் பார்த்தது அவள் செய்த அந்த ஒரு சைகையைத்தான்.

“யார் சொல்லிக்கொடுத்தது?” என்று நீ அனுப்பிய ஒரு வரிக்கு ஒரு வரியில் பதில் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அதனால் இந்தக் கடிதம். தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் உன் நாத்தனார் மெய்ஹுவா, வரும் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் காவ்சியுங்கில் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இரவெல்லாம் தூக்கமில்லை.

நீ பார்க்காததை எழுதுகிறேன். மெய்ஹுவா கைபேசியைக் குழந்தையின் பக்கமே பிடித்திருந்ததால் எங்கள் முகங்கள் உனக்குத் தெரிந்திருக்காது. முதல் பிறந்தநாள் வழக்கப்படி கூடத்தில் பெரிய மூங்கில் முறத்தை வைத்து, அவள் எதை எடுக்கிறாள், பிற்காலத்தில் என்ன ஆவாள் என்று பார்க்க எல்லாவற்றையும் பரப்பியிருந்தோம். மணிச்சட்டம், தூரிகை, விளையாட்டு ஸ்டெதாஸ்கோப், உன் பழைய ஆய்வுக்கூட அடையாள அட்டை. மெய்ஹுவா ஒரு கட்டு வெங்காயத்தாளையும் சொருகினார். “வெங்காயத்தாளுக்கும் புத்திக்கும் நம்ம பாஷைல ஒரே உச்சரிப்புதானே, புத்திசாலியா வரணும்ல. இதவிட மலிவான வரம் எங்க கிடைக்கும்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் நல்ல நாள்தான்.

முறத்துக்கு இழுக்க “யீயான்! இங்க பாரு, யீயான்!” என்று அவர் கூப்பிட்டார். குழந்தை திரும்பினாள், சிரித்தாள், இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் வலது கையைக் கத்திபோல் இறக்கினாள். “பாருங்கடா, கேக் வெட்டச் சொல்றா!” என்றார் மெய்ஹுவா. மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதே சைகை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் அதே சைகை. அப்புறம்தான் மெய்ஹுவாவின் சிரிப்பு நின்றது. ஆற்றின் அக்கரையில் நிற்பவளிடம் பேசுவதுபோல் வாயை அகலத் திறந்து என்னைக் கேட்டார்: “ஏம்மா, இது உங்க கைப்பாஷைதானே? வாய் திறக்கறதுக்கு முன்னாடியே கைய ஆட்டப் பழக்கிட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல, புள்ளைய எங்ககிட்ட விடுங்கன்னு!”

திரையில் உன் முகம். பிறகு கறுப்பு.

யாலிங், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. விமான நிலையத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நீ கேட்டாயே, “அவ காது நல்லாக் கேக்குது அக்கா, பேசக் கத்துக்கட்டும், அவ முன்னாடி கையால பேசாதீங்க” என்று, அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். எனக்குக் கேட்காத என் குரலால்தான் அவளோடு பேசினேன். நாளெல்லாம் வானொலி போட்டு வைத்தேன். அதிலும் ஒரு கூத்து. போன மாதம் பக்கத்து வீட்டு லியாவ் அம்மா வந்து வானொலியைக் காட்டி, “ரெண்டு வாரமா வெறும் இரைச்சல்தான் வருது. நீங்க மீன் வறுத்துக்கிட்டே இருக்கீங்கன்னு நினைச்சேன்” என்றார். நிலையம் நகர்ந்துபோனது இரண்டு செவிடர்களுக்கு எப்படித் தெரியும்? அன்று சிரித்தேன். இன்று எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

உன் அத்தான் வென்பினும் நானும் அவள் இல்லாத அறையில்தான் கையால் பேசினோம். அவர் பொய்ப்பல் செய்யும் பட்டறையிலிருந்து சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வருவார், சமையலறையில் நின்று அன்றைய கதையைச் சொல்வார். குழந்தை தவழ்ந்து வாசலுக்கு வந்ததை எங்களில் யார் முதலில் பார்க்கிறாரோ, அவர் மற்றவருக்கு ஒரு சைகை காட்டுவார். ‘நிறுத்து.’ கைகள் கீழே இறங்கும். பிறகு அவள் பக்கம் திரும்பி வாயால் “யீயான்” என்போம். கல்யாணமான தம்பதி திருடர்களைப்போல.

விருந்தினர் போனபின் வென்பின்தான் கண்டுபிடித்தார். அவர் கைகள் மிக மெதுவாகச் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். “நாம கத்துக்கொடுக்கலதான். ஆனா அவ உள்ள வந்தாலே நீ என்னப் பாத்து இதப் பண்ற. நான் உன்னப் பாத்து இதப் பண்றேன். அப்புறம் அவளப் பாத்துப் பேரச் சொல்றோம். அவ என்ன நினைப்பா, யாஜென்? அதுதான் தன் பேருன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.”

நான் நம்பவில்லை. இன்று காலை, பால் குடித்து முடித்துச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்காமல் அவள் முன்னால் நின்று அந்தச் சைகையை மட்டும் செய்தேன். என் வாழ்நாளில் நான் பார்த்த மிகக் கொடுமையான சைகையை. முகமெல்லாம் மலர, தரையில் கைகளை அறைந்துகொண்டு என்னை நோக்கித் தவழ்ந்து வந்தாள். வந்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அது எங்கள் மொழியின் சொல்லே இல்லை. எங்களுக்கு ‘நிறுத்து’ என்பதற்கு வேறு சைகை இருக்கிறது. இது அப்பாவுடையது. சாப்பாட்டு மேசையில் என் கை அசைந்தால் அப்பா இப்படித்தான் வெட்டுவார். நீ அப்போது உயரமான நாற்காலியில் இருந்தாய், அவரைப் பார்த்து நீயும் செய்வாய், நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கல்யாணமான பிறகு நானே அதை இந்த வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், எதை எடுத்து வருகிறேன் என்று தெரியாமலே.

நேற்று அப்பா அதைப் பார்த்தார். மெய்ஹுவா கத்திக்கொண்டிருந்தபோது நடுவில் வந்து நின்றார். அவர் உதடுகளை நான் தவறாகப் படிக்க மாட்டேன், சிறுவயதிலிருந்து படிக்கிறேன். “அது அவங்க பாஷை இல்லம்மா. அது என்னோடது” என்றார். பிறந்தநாளுக்குச் செய்த, ஆமை வடிவச் சிவப்புப் பலகாரத்தைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நேற்றிலிருந்து என் செய்திகளைப் படிக்கிறார், பதில் இல்லை. நீ அவரிடம் பேசு.

இனி நான் கேட்பது. என்னிடம் இருக்க விட்டால் அவளுக்கு ஒரு பெயர் வைக்க அனுமதி கொடு. எங்களில் ஒரு குழந்தைக்கு அதன் முகத்தைப் பார்த்துக் கையால் பெயர் வைப்பார்கள். சிரிக்கும்போது அவள் மூக்கு சுருங்குகிறது, கவனித்திருக்கிறாயா? அந்தப் பெயரை மனத்துக்குள் வைத்திருக்கிறேன். உன் அனுமதி இல்லாமல் என் விரல் அசையாது. பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படாதே. லியாவ் அம்மா தினமும் வந்து பேச ஒப்புக்கொண்டார், அவர் வாய்தான் மூடாதே. பாலுக்கும் பசிக்கும் வலிக்கும் என் கையிலும் அவளுக்குச் சொற்கள் கிடைக்கட்டும். ஒரே ஒரு சொல்லோடு, அதுவும் அந்தச் சொல்லோடு, அவளை விட்டுவிடாதே.

இல்லை, மெய்ஹுவாவோடுதான் போக வேண்டும் என்று நீ சொன்னால், துணிகளை மடித்துத் தயாராக வைப்பேன். சண்டை போட மாட்டேன். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வை. குழந்தை அந்தச் சைகையைச் செய்தால் சிரிக்க வேண்டாம், கையைத் தட்டிவிட வேண்டாம். ‘நான் வந்திருக்கிறேன்’ என்கிறாள் அவள். தூக்கிக்கொள்ளச் சொல்.

எங்கிருந்தாலும் நீயும் உன் குழந்தையும் நல்லா இருக்க வேண்டும்.

உன் அக்கா,
யாஜென்