முழு நண்டு

என் வீட்டு மகாராணிக்கு,

துவைத்த கைலி ஒன்றும் இல்லாததால் உன் நைட்டியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சிரிக்காதே.

அம்மா வீட்டுக்குப் போகுமளவுக்கு நான் என்னடி சொல்லிவிட்டேன்? முழு நண்டு வியாபாரிக்கு, கால் ஒடிந்தது நம் சட்டிக்கு. ஏரிக்கரை வழக்கம்தானே? நீ நொண்டிக்கொண்டு கூடையோடு வரும்போது, "அதோ வருது பாரு, ஒடஞ்சது! வூட்டுக்கு!" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். கரையே சிரிக்கும், நீயும் சிரிப்பாய். அன்றைக்கு மட்டும் விற்க வைத்திருந்த பெரிய நண்டை எடுத்துக் குழம்பு வைத்து, என் எதிரிலேயே தனியாகத் தின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டாய்.

உன்னால் ஊரே கெட்டுவிட்டது. பக்கத்து வீட்டு எல்லம்மாவும் இப்போது முழு நண்டைத்தான் சட்டியில் போடுகிறாள். கேட்டால், "நாங்க இன்னா கழிசலா?" என்கிறாள். அம்மாவைப் போல நடந்து காட்டு என்றால் முன்பெல்லாம் உடனே நொண்டிக் காட்டும் நம் பூவிழி, இப்போது முறைக்கிறாள்.

நேற்று ஒடிந்த நண்டைக் கடித்தேன். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பூவிழி அதை எடுத்துப் பார்த்து, "நைனா, இனிமே நீயும் வூட்டுக்குத்தான்!" என்று கத்தினாள். தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரித்தால் ஓட்டை தெரிகிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்